தூண் வேண்டாத பால்கனி

சித்திரைத் தேர் பார்க்க மாசி வீதியில் கூடிய கூட்டத்தில், தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அதற்குக் காரணம் ஒரு ஜவுளிக்கடைக்காரர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரைக்குக் கம்பி போட்ட கான்கிரீட் புதுசு. தேக்கு உத்திரத்திலும் செங்கல் தளத்திலும் பழகிய ஊர். நான் ஒரு கட்டட காண்ட்ராக்டரிடம் படம் வரைபவன். என்ஜினீயர் கணக்குப் போட்டுத் தருவார். எந்தக் கம்பி எந்த இடத்தில் ஓட வேண்டும், எங்கே வளைய வேண்டும் என்று டிரேசிங் துணியில் மசியால் வரைவது என் வேலை. அந்தத் துணியை நீலத்தாள்மேல் பரப்பிக் கண்ணாடி வைத்து அழுத்தி, மொட்டை மாடி வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால், நீலத்தில் வெள்ளைக் கோடுகளாகப் படம் எழும்பி வரும். அதற்கு எங்கள் ஊர் வெயிலை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நான் இழுக்கும் கோட்டையும்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

மாசி வீதியில் தான் கட்டும் புதுக் கடைக்குக் கடைக்காரர் கேட்டது, மாடியில் தெருவைப் பார்த்து நாலடி நீண்ட பால்கனி. தேரன்று அவருடைய சொந்தபந்தமெல்லாம் அதில் நின்று சாமி பார்க்க வேண்டும். கீழே தூண் கூடாது, கடை வாசலை மறைக்கும் என்று சொன்னதும் அவரேதான். கான்கிரீட் கொட்டிய அன்று, சட்டி சுமந்த பெண்கள் கம்பியை மிதித்து அமுக்கிவிடக் கூடாதே என்று நான் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நகரவில்லை. கம்பி மேலாக நின்றால்தான் அந்தப் பால்கனி நிற்கும்.

கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கிய முட்டுகளை எல்லாம் பிரித்த மறுநாள் போய்ப் பார்த்தால், பால்கனி நுனிக்குக் கீழே, வாசல்படி ஓரமாக, இடுப்புயரத்துக்குச் செங்கல் தூண் ஒன்று எழும்பியிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. கொத்தனாரின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, கடைக்காரரிடம் போனேன்.

"என்னண்ணே இது?"

"அந்தரத்துல நிக்கிதேப்பா. பாக்கப் பாக்கப் பயமா இருக்கு. அடியில ஒரு கை குடுத்தா நல்லதுதானே."

யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நீட்டிக்கொண்டு நிற்கும் பால்கனி மேல்பக்கம்தான் இழுபடும். அதனால் கம்பியை மேல்பக்கமாகவே ஓடவிட்டு, உள்ளே கடைத் தளத்துக்குள் ஆழமாகச் செருகி வரைந்திருந்தேன். நுனியில் தூண் வந்தால் பால்கனி சுவரிலும் தூணிலுமாக இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொள்ளும். ஆள் ஏறினால் இழுப்பு அடிவயிற்றுக்கு இறங்கும். அங்கே கம்பியே கிடையாது.

"அண்ணே, நீங்க குடுக்கிற கைதான் இத ஒடிக்கும். தூணு வேணும்னா எல்லாத்தையும் இடிங்க, வேற வரைஞ்சு தாரேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அம்புட்டு நம்பிக்கையா? அப்ப ஒண்ணு செய்யி. தேரன்னைக்கு உன் வீட்டம்மாவும் பிள்ளையும் எங்க ஆளுகளோட அங்கன நிக்கட்டும். சரின்னு சொல்லு, தூண இப்பவே எடுக்கச் சொல்றேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். சைக்கிளை மிதித்துப் பழங்காநத்தத்தில் வீடு சேர்வதற்குள், சொன்ன வாய் வறண்டுவிட்டது. என் கோட்டில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கோட்டின் மேல் நம் பிள்ளை ஏறி நிற்பது வேறு விஷயம்.

என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அவுக வீட்டுப் பிள்ளைக நிக்கலாம்னுதானே வரைஞ்சீக? அப்ப நம்ம பிள்ளையும் நிக்கலாம்."

தேரன்று அவள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியேறிப் போனாள். நான் கீழே கடை வாசலில் நின்று பால்கனியின் அடிவயிற்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே காலடிச் சத்தம் கூடிக்கொண்டே போனது. எத்தனை பேர் என்று எண்ணப் பார்த்தேன், பாதியில் கணக்குத் தவறிவிட்டது.

"யோவ், சாமி இங்கிட்டு வருது. அங்கிட்டு என்னத்தப் பாக்குற?" என்று யாரோ ஒருவர் என் தோளை உலுக்கினார். நான் திரும்பவில்லை. வடம் பிடிப்பவர்களின் கூச்சல் முதுகுக்குப் பின்னால் நெருங்கி வந்து, கடந்து, தேய்ந்து போனது. ஒரு மயிரிழை விரிசல்கூட விழவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி சொன்னாள்: "பொம்பளைக எல்லாம் சுவத்தோட ஒட்டியே நின்னாக. கடைக்காரரு நிலைப்படியத் தாண்டவே இல்ல. நான்தான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு நுனிக்குப் போனேன். அப்புறம்தான் ஒவ்வொருத்தரா வந்தாக, அவரும் வந்தாரு."

"பயமா இல்லையா?"

"என்ன பயம்? விழும்னா நீங்க அதுக்கு நேர் கீழ நின்னிருப்பீகளா?"

நான் எங்கே நின்றேன் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.