நான் அடித்துவிட்ட ‘மாரி’

வெள்ளானூரில் எங்கள் அடுக்ககம் நிற்கும் இடத்தில்தான் சாமுண்டீஸ்வரியின் தாயார் கூலிக்கு நாற்று நட்டார். சாமுண்டீஸ்வரி எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் திருகாணிகளைப் பொட்டலமிடும் வேலைக்குப் போனார். அந்தப் பட்டறை மூடப்பட்டபின் எங்கள் அடுக்ககத்தில் துப்புரவுப் பணிக்கு வந்தார். காலை ஏழு மணிக்குப் படிக்கட்டைத் துடைத்தபடியே எல்லாரையும் நலம் விசாரிப்பார். எந்த வீட்டில் யாருக்குப் பல்வலி என்பது முதலில் அவருக்குத்தான் தெரியும்.

எங்கள் மூன்றாம் தளத்தில் குடியிருக்கும் ஜீவா, இந்தக் குணத்தைக் கவனித்தார். வாய்ப்புற்றுநோயை அதன் தொடக்கத்திலேயே எச்சிலிலிருந்து கண்டறிய முடியுமா என்று ஆராயும் பெண் அவர். ஓர் அறக்கட்டளை ஓராண்டுக்கு மட்டும் நிதி தந்திருந்தது. ஒருவருக்கேனும் நோயை முன்கூட்டிக் காட்டினால்தான் ஆய்வு தொடரும். முத்தாபுதுப்பேட்டையில் வீடு வீடாகச் சென்று குப்பியில் எச்சில் வாங்கவும், அவரவர் சொல்வதை நோட்டில் எழுதிவரவும் சாமுண்டீஸ்வரியை அமர்த்தினார். அதைப் படிவத்தில் திருத்தமாகப் படியெடுத்துத் தருவதாக, ஓய்வுபெற்ற தமிழாசிரியையான நான் வலிய முன்வந்தேன்.

நோட்டைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பொறுக்கவில்லை. ‘மாதிரி’ என்னும் சொல் ‘மாரி’யாகி வரிக்கு வரி நின்றது.

“வாய் எரியிற மாரி, முள்ளு குத்துற மாரி, நாக்கு மரத்த மாரி! இது நோட்டா, அம்மன் கோயில் திருவிழாவா?” என்று கேட்டேன்.

“இன்னா டீச்சர் பண்றது? நானே சாமுண்டி. தொணைக்கு மாரியும் வந்துகினு கீறா!” என்று அவர் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. தேவையற்ற பேச்சுப் பழக்கம் என்று கருதி, எல்லா ‘மாரி’களையும் நீக்கிவிட்டே படியெடுத்தேன்.

ஐந்து மாதங்கள் கழித்து, துடைப்பத்தோடு என் வாசலில் வந்து நின்றார்.

“டீச்சர், நம்மகிட்ட எச்சி குட்த்துச்சே வசந்தகுமாரி, அத்த மேல டெஸ்ட்டுக்குக் கூப்டவே இல்லியே? கம்பெனி கேன்டீன்ல இட்லி ஊத்துமே, அது. இப்ப வாய் புண்ணாயிட்ச்சி. சோறு துன்ன முடியல.”

ஜீவா படிவத்தைத் தேடியெடுத்து வந்தார். ‘கன்னத்தின் உட்புறத்தில் வெண்ணிற மாவு ஒட்டியுள்ளது’ என்பது என் கையெழுத்து. உணவு ஒட்டிய வாயிலிருந்து வந்த எச்சிலைச் சோதிப்பதில்லை என்பது ஜீவாவின் ஆய்வக விதி. அதனால் அந்தக் குப்பி ஒதுக்கப்பட்டுக் குளிர்பெட்டியிலேயே கிடந்தது. சாமுண்டீஸ்வரியின் நோட்டில், ‘கன்னத்துல உள்ளாற மாவு ஒட்டிகின மாரி வெள்ளையா கீது’ என்று இருந்தது.

ஜீவா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “டீச்சர், இதுல ‘மாரி’ எங்க?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அந்தக் குப்பியைச் சோதித்தபோது, நோயின் அறிகுறி தெளிவாகத் தெரிந்தது. சோதனை தோற்கவில்லை, அதைத் தடுத்தவள் நான். ஆனால், குப்பி ஏன் ஒதுக்கப்பட்டது என்பதற்கு எழுத்து மூலமான விளக்கம் இல்லாமல் அறக்கட்டளை இம்முடிவை ஏற்காது.

“நாந்தான் தப்பா எய்திட்டேன்னு சொல்லிடுங்கோ, ஜீவாம்மா. படிக்காதவதானே, யாரு இன்னா கேக்கப் போறாங்கோ?” என்றார் சாமுண்டீஸ்வரி.

நான் உடனே மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. முப்பத்தோர் ஆண்டுகள் சிவப்பு மையால் பிறர் பிழையைச் சுழித்தவள், அந்த ஒரு நிமிடம், என் பிழை இன்னொருவர் பெயரில் போகட்டும் என்று வாய்மூடி இருந்தேன். ஜீவா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அதன் பிறகுதான் பேனாவைக் கேட்டேன்.

நடந்ததையெல்லாம் எழுதினேன். அந்த ஒரு நிமிடத்தையும் எழுதினேன். நோட்டு வரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் சேர்த்தேன். ‘கீது’ என்று எழுதுகையில் கை தயங்கியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த ஆண்டுக்கான நிதி வந்தது. வசந்தகுமாரியின் வலக்கன்னத்தில் ஒரு பகுதியை அறுத்தெடுத்தார்கள். இப்போது அவரால் கஞ்சிதான் குடிக்க முடிகிறது. படியெடுக்கும் வேலை நின்றுவிட்டது. சாமுண்டீஸ்வரியின் நோட்டே நேராக ஆய்வகத்துக்குப் போகிறது.

இன்றும் காலை ஏழு மணிக்கு, “டீச்சர், காப்பி குட்சிட்டீங்களா?” என்று படிக்கட்டிலிருந்து குரல் வருகிறது. கதவைத் திறக்க எனக்குச் சற்று நேரமாகிறது.