காப்பி போட மறுத்த ரோஸ்வித்தா

ரோஸ்வித்தா இறந்துவிட்டார். காலை ஷிஃப்டுக்குப் போனதும் சொன்னார்கள்... மாரடைப்பாம்.

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் நான்கு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அந்தப் பழைய ஜெர்மன் பெயரைக் கேட்டு வருகிறவர்கள் கறுப்பினத்தவரான அவரைத் தாண்டிப் போய் ஒரு வெள்ளைக்காரியைத் தேடுவார்கள்.

"நான்தான். இஞ்சயே பிறந்தனான். வேற ரோஸ்வித்தா ஸ்டாக் இல்லை" என்று ஜெர்மனில் சொல்வார்.

பிரேக்கில் கையில் எப்போதும் பிரிண்ட் எடுத்த தாள்கள். அமெரிக்காவில் அடிமைகளாய்ப் பிறந்த கறுப்பினப் பெண்களும் அவர்களின் மகள்களும் நூறு வருடத்துக்கு முன்பே எழுதியவை. கறுப்பர் உரிமைக் கூட்டத்தில் பெண்கள் விஷயம் பிறகு. பெண்ணுரிமைக் கூட்டத்தில் கறுப்பர் விஷயம் பிறகு. அந்தப் 'பிறகு'வை அவர்கள் ஏற்கவில்லை.

"இப்பவும் அதுதான். பெண்கள் சங்கத்தில என்ர நிறம் கூடிப்போச்சு. எங்கட கறுப்பு ஆக்களின்ர சங்கத்தில காப்பி போடச் சொன்னாங்கள். மாட்டன் எண்டிட்டன்."

"நான் கோயிலில வடை சுடுறன்" என்றேன். இருவரும் சிரித்தோம்.

அப்பா கோயில் நிர்வாகத்தில் இருக்கிறார். அதில் ஒரு பெண்கூட இல்லை. ஒருநாள் பிரேக்கில் அதைச் சொல்லிவிட்டேன். "உங்கட ஆம்பிளையள் அப்பிடித்தானே" என்றாள் கூட வேலை செய்யும் வெள்ளைக்காரி. "சீச்சீ, அப்படியில்லை" என்று உடனே பொய் சொன்னேன்.

அவள் போகும்வரை ரோஸ்வித்தா காத்திருந்தார். பிறகு, "உள்ளுக்குக் கதைக்க ஏலாது. வெளியில கதைச்சா அவைக்கு விருந்து. என்ன?"

தன் கேக்கில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். அந்தத் தாள்களில் ஒன்றை நான் வாசிக்க வேண்டுமென்று அவருடைய கணவர் கேட்டார். ஓம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தேர். நான் தேரோடு எரியும் கற்பூரச்சட்டி எடுப்பதாக அம்மாவின் நேர்த்திக்கடன். அதற்கும் எப்போதோ ஓம் சொல்லியாகிவிட்டது.

"திருவிழாக் கொடியேறிட்டுது பிள்ளை. செத்தவீட்டுக்குப் போட்டு வந்து சட்டி தூக்கேலாது. அவ எங்கட ஆளோ?" என்றார் அம்மா.

அப்பா சத்தம் போடவில்லை. "சனம் என்னைத்தான் கேட்கும். பிறகு ஒருநாள் கல்லறைக்குப் போகலாம்தானே."

பிறகு...

தேருக்கான சேலை இஸ்திரி போட்டு அறைக் கதவில் தொங்குகிறது. வாசிக்க வேண்டிய தாள் கைப்பையில். இரண்டு நாளாக இரண்டுக்கும் நடுவே இருக்கிறேன்.

இங்கே முகநூலில் நான் அதிகம் எழுதுவதில்லை. அம்மாவும் இதை வாசிப்பார். வாசிக்கட்டும்.

ரோஸ்வித்தா, வெள்ளிக்கிழமை வாறன். காப்பியை வேறு யாராவது போடட்டும்.