நூற்றெழுபதில் தொடங்கும் மீட்டர்

சென்ற வாரம் வீட்டு டார்ச்சில் அறுந்திருந்த ஒயரைப் பற்றவைத்தேன். ஈயம் உருகி, பிசின் புகை மூக்கில் ஏறியதுமே மன்னார்குடியில் நான் வைத்திருந்த ரிப்பேர் கடைக்குப் போய்விட்டேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டும். கூத்தாநல்லூர்க்காரர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் டேப்ரெக்கார்டர்கள்தான் பிழைப்பு.

ஒரு வருடம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. குத்தகை நிலத்தில் போர் தண்ணீரை நம்பிக் குறுவை நட்ட சவரிமுத்து அண்ணன் கடைக்கு வந்தார். லோ வோல்டேஜில் ஓட்டி, மோட்டார் இரண்டு முறை கருகியிருந்தது.

"மீட்டர் மாட்டித்தான் இருக்கேன் தம்பி. முள்ளு அசையுதா இல்லையான்னே தெரியல."

உண்மைதான். சைபரிலிருந்து முந்நூறு வரை காட்டும் மீட்டரில் பத்து வோல்ட் என்பது ஒரு நூலிழை. எனக்கோ அப்போது விஞ்ஞானி என்ற நினைப்பு. தேவையில்லாத அடிப்பகுதியை முள் ஏன் கடக்க வேண்டும்? சின்ன டிரான்ஸ்பார்மர், டையோடுகள், நூற்றெழுபது வோல்ட் வரை தடுத்து நிறுத்த ஒரு ஜீனர். அதற்கு மேல் வருவது மட்டும் முள்ளுக்கு. முதல் ஜீனர் என் அவசரத்தில் புகைந்தது. தாளில் இருநூற்றைம்பது வரை கோடு போட்டு, மோட்டார் போடலாம் என்பதற்கு அடையாளமாக இருநூறுக்கு மேல் பச்சை மை அடித்தேன். மூன்றாம் நாள் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் முள் தெளிவாக நகர்ந்தபோது, யாருமில்லாத கடையில் நானே கைதட்டிக்கொண்டேன்.

மோட்டார் கொட்டகையில் மாட்டினோம். நூற்றெழுபத்தெட்டு. காத்திருந்தோம். நூற்றெண்பத்திரண்டு. திரும்பவும் கீழே. ஒரு வாரமாகியும் முள் பச்சையைத் தொடவில்லை. மின்சார ஆபீசில் எழுதிக் கொடுத்தோம். "லைன்ல இவ்வளவுதாங்க வருது" என்றார்கள்.

அண்ணனின் மனைவி லூர்து அக்கா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "முன்னாடி தெரியாம போட்டு எரிச்சோம். இப்ப தெரிஞ்சுக்கிட்டுச் சும்மா நிக்கிறோம்."

எனக்கு அளக்கத் தெரிந்ததே தவிர, ஏற்றும் வித்தை என்னிடம் இல்லை.

பால் பிடிக்கும் கதிர்கள் துவண்ட அன்று அண்ணன் என்னைக் கேட்டார். "போடட்டுமா தம்பி?"

நூற்றெண்பத்து நான்கு. வேண்டாம் என்றால் பயிர் போகும். போடுங்கள் என்றால் மோட்டார் போகும். நான் மீட்டரைப் பார்த்தபடி நின்றேன். அவரே சுவிட்சைத் தூக்கினார். தண்ணீர் பாய்ந்தது. பாதி வயல் நனைவதற்குள் கருகல் வாசனை. மோட்டார் நின்றதும் பாரம் குறைந்து முள் மெல்ல மேலே ஏறியது. சரியாகத்தான் காட்டியது.

மறு வருடம் அண்ணன் நிலத்தை விட்டுவிட்டுக் குவைத்துக்குக் கட்டட வேலைக்குப் போனார். லூர்து அக்கா திருப்பூரில் மகளோடு இருந்துவிட்டார். நானும் கடையை மூடி மஸ்கட்டுக்கு விமானம் ஏறினேன். போன பொங்கலுக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். இப்போது இருநூற்று முப்பது குறையாமல் வருகிறது. வயல் இருந்த இடத்தில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள்.