ஊரே குடியிருந்த தேவாலயம்

சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வரிசை வீடுகளுக்கு எண்கள் உண்டு. எந்த எண் என்பதில்தான் கருத்து வேற்றுமை. தங்கச் சுரங்கம் நடந்த காலத்தில் கதவில் ஓர் எண் எழுதினார்கள். பின்னர் வந்தவர்கள் அதனருகே வேறொன்று எழுதினார்கள். அதற்கும் பின்னர் வந்தவர்கள் இரண்டையும் மதியாமல் மூன்றாவதை எழுதிச் சென்றார்கள். ஆகவே இணையக் கடையில் பொருள் வாங்கும் எவரும் எண்ணை நம்புவதில்லை. முகவரியில் ‘சர்ச் அருகில்’ என்று எழுதிவிடுகிறார்கள். கிறித்தவர்கள் எழுதினால் பொருந்தும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்களும் அவ்வாறே எழுதினார்கள். அதனால் கைப்பேசி வரைபடத்தின் கணக்கில் இவ்வூர் மக்கள் அனைவரும் எங்கள் தேவாலயத்துக்குள் வசிக்கிறார்கள். சபையின் உறுப்பினர் தொகையைப் பெருக்கிக் காட்ட ஆண்டுதோறும் பாடுபடும் செயலாளனாகிய நான் இச்செய்தி கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டும்.

அதை எனக்குச் சொன்னவர் எங்கள் பகுதிக்கு அஞ்சல் கொணரும் பெண்மணி. ஒப்பந்த ஊழியர். முன்பு கடிதங்களோடு வந்தவர் இப்போது தம் சொந்த ஸ்கூட்டரில் காலடியில் ஒரு மூட்டை, முதுகில் ஒரு மூட்டை, பின்னிருக்கையில் கயிற்றால் பிணைத்த நாற்காலி ஒன்று என வருகிறார். கடிதத்துக்கென்று கொடுத்த தோற்பையில் உணவுப் பொட்டலத்தை வைத்திருக்கிறார். உடல் வளர்க்க விரும்பும் இளைஞர்கள் வரவழைக்கும் இரும்புக் குண்டுகளால் வளர்வது இவருடைய தோள்வலி மட்டுமே.

“இன்னா சார், ஊரே உங்க சர்ச்சுலதான் குடித்தனம் பண்ணுதாமே! வாடகை வாங்கறீங்களா?” என்று ஒருநாள் மாலை என் வாயிலில் வண்டியை நிறுத்தினார்.

விளங்கவில்லை என்றேன்.

“வூட்டாண்ட போயி குடுத்தா செவப்பு உழுது சார். தப்பான எடத்துல குடுத்துட்டேன்னு போன் சொல்லுது. சர்ச்சு கேட்டாண்ட நின்னு குடுத்தா பச்ச.”

“மேற்பார்வையாளரிடம் எடுத்துரைக்கலாமே?”

“ஒரச்சேன் சார். மெஷினு பொய் சொல்லுமாம்மான்னு கேக்குறாரு. நான் சொல்லுவேனாம், அது சொல்லாதாம். இன்னொரு வாட்டி செவப்பு உழுந்தா வேற ஆளப் போட்டுருவாங்களாம்.”

இடர்ப்பாடு அத்துடன் நிற்கவில்லை. எங்கள் வரிசையில் உழைக்கும் வயதினர் யாவரும் விடியுமுன் பெங்களூருக்கு ரயிலேறி, இருட்டிய பின் திரும்புகிறவர்கள். பொருளைப் பெற, வாங்கியவரின் கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை அவரே சொல்லியாக வேண்டும். எனவே வாரம் முழுவதும் பூட்டிய கதவுகளைப் பார்த்துத் திரும்பிய பொதிகள் ஞாயிற்றுக்கிழமைக்குக் குவியும். அன்று காலை ஆராதனை தொடங்கியபின் இவர் கைக்கு வரும். பொதி கொடுத்ததைப் பதியும் கைப்பேசிச் செயலி நண்பகலில் மூடிக்கொள்ளும். இடைப்பட்ட பொழுதில் வாங்கியவர்களுள் எங்கள் சபையாரோ, போதகரின் கட்டளைப்படி கைப்பேசியை அணைத்துவிட்டுத் தேவாலயத்துக்குள் அமர்ந்திருப்பார்கள்.

“காம்பவுண்டுக்குள்ள ஒரு ஓரமா நின்னுக்குறேன் சார். ஒவ்வொருத்தரா வெளிய வந்து வாங்கிக்கட்டும். கமிட்டியில சொல்லுங்க.”

சொன்னேன். சுரங்கத்தில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் சீறினார்: “ஆண்டவரு வூட்டு வாசல்ல கடை போடறதா?”

“கடை இல்லீங்க. வாங்கிட்டதத்தான் குடுக்குறாங்க” என்றார் இன்னொருவர்.

“ஷிப்டு நடுவுல எவனாவது ஆள எறக்குற கேஜை நிறுத்துவானா? ஆராதனை முடியட்டும், அப்பறம் குடுக்கட்டும்.”

போதகர் இதையே தீர்ப்பாக்கினார். ஆராதனை முடிந்ததும் தாராளமாக வழங்கலாம். எங்கள் போதகர் நல்லவர். முடிக்க மட்டும் அறியாதவர். அவருடைய பிரசங்கம் நண்பகலுக்கு முன் முடிந்ததாகச் சபையின் மூத்தோருக்கும் நினைவில்லை. அனுமதிப்பது போலவே மறுக்கும் கலையில் எங்கள் குழு தேர்ச்சி பெற்றது.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண்மணி மூட்டைகளோடு மதிலுக்கு வெளியே நின்றார். உடன் மேற்பார்வையாளரும் வந்திருந்தார், குடையுடன். கூழ் ஊற்றும் வீட்டார் கைப்பேசியோடு வந்து தத்தம் பொதிகளை விரைவாகப் பெற்றுச் சென்றார்கள். எங்கள் சபையாரின் பொதிகள்தாம் எஞ்சின. போதகர் “கடைசியாக” என்னும் சொல்லை முதன்முறை உச்சரித்த வேளையில் மழை பிடித்தது. சன்னல் வழியே எல்லோரும் பார்த்தோம். பெண்மணி தார்ப்பாயை விரித்துப் பொதிகளை மூடினார், தாம் நனைந்தார். மேற்பார்வையாளரின் குடை மேற்பார்வையாளருக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது.

முதலில் எழுந்தவர் ஃபோர்மனின் மனைவி.

“எங்கடி போற?” என்று ஃபோர்மன் அடித்தொண்டையில் கேட்டார்.

“காலு மரத்துப் போச்சு. நீங்க கேளுங்க, நல்லா சொல்றாரு.”

அவரைத் தொடர்ந்து இரு பெண்கள் குழந்தையை அமர்த்தச் செல்பவர்கள் போல வெளியேறினார்கள். இருவரிடமும் குழந்தை இல்லை. பின்னர் பாதிப் பாடகர் குழு சென்றது. போதகர் என்னை நோக்கினார். சபையின் ஒழுங்கு செயலாளரின் பொறுப்பு. நான் பாட்டுப் புத்தகத்தின் அட்டையை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

“மழை வலுக்கிறது, மீதியை அடுத்த வாரம் தியானிப்போம்” என்று அவர் ஆசீர்வாதம் கூறினார். அத்தனை உரத்த ஆமென்னை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

வாயிலில் நெரிசல். “ஆன் பண்ணுங்க, ஆன் பண்ணுங்க! நம்பரு சொல்லுங்க! அண்ணே, தள்ளாதீங்க, உங்க குக்கரு எங்கயும் ஓடாது!” என்று பெண்மணியின் குரல் மட்டும் மழைக்கு மேலே கேட்டது. கைகள் நீண்டன, பொதிகள் கரைந்தன. ஃபோர்மன் தம் மனைவி வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வீடு நோக்கி நடந்தார். செயலி மூடுவதற்குள் சாக்கு காலியாயிற்று. திரை முழுவதும் பச்சை.

மேற்பார்வையாளர் நெகிழ்ந்துபோனார். “சூப்பர்மா! நம்ம ஆபீசுலயே இப்படி யாரும் குடுத்ததில்ல. அடுத்த மாசத்துலருந்து பக்கத்து ஏரியாவையும் நீயே பாத்துக்க.”

முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்தார்.

“பாத்துக்குறேன் சார். எம்பொழப்பு போவாதுல்ல?”

“உன்ன யாரும்மா வேலைய உட்டு எடுப்பாங்க?”

“அப்போ நல்லதாப் போச்சு. அந்த ஏரியாவுக்கு ஒரு ஆட்டோ குடுங்க, ஏத்தி எறக்க ஒரு ஆளு குடுங்க. ரெண்டும் வந்தன்னிக்கி நானும் வரேன்.”

“மேல எழுதணும்மா.”

“எழுதுங்க சார். மழ உட்டதும் எழுதுங்க, பேப்பரு நனஞ்சிடும்.”

அவர் எழுதினாரா என்று நான் அறியேன். ஆட்டோ வரவில்லை, ஆள் வரவில்லை, பக்கத்துப் பகுதியின் பொதிகளும் வரவில்லை. எங்கள் பகுதிக்கு அந்தப் பெண்மணியைத் தவிர வேறு எவரும் வரவில்லை.