வாசலில் கிடந்த ஆண் செருப்பு

மகளின் பள்ளி ஷூவுக்குள்ளிருந்து தேள் விழுந்த அன்றுதான் வாசலில் குவிந்த செருப்புகளை ஒழிப்பது என்று முடிவெடுத்தேன். சின்னத் தேள்தான். அவள் காலை நுழைக்கும் முன் தட்டியதில் விழுந்தது. மழைக்காலத்தில் ராஜபாளையத்தில் இது அதிசயமில்லை என்றார்கள். மாடி வரைக்கும் எப்படி ஏறியது என்று எனக்கு அன்று முழுக்க யோசனை. தட்டாமல் விட்ட காலைகள் எத்தனை இருக்கும் என்று வேறு மனம் ஓடியது.

அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். பத்தாமல் போன அவளுடைய ஷூக்கள், கல்யாணத்துக்கு வாங்கி ஒரே நாள் போட்ட என் ஹீல்ஸ், ஒற்றையாக நின்றுபோன ரப்பர் செருப்புகள். தேறாதவை சாக்குக்குள் போயின. தேறியவற்றைத் துடைத்து, புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் ரேக்கில் அடுக்கி, ரேக்கை வீட்டுக்குள் வைத்தேன். கடைசியாக மிஞ்சியது கணவரின் தோல் செருப்பு. அதையும் உள்ளே வைத்தேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. அது அவர் மறந்து விட்டுப்போனது இல்லை. அவர் ராணுவத்தில் இருக்கிறார். லீவு முடிந்து ரயிலேறிய அன்று, மாமியார்தான் அதை வாசலில் எடுத்துப் போட்டார். "ஆம்பளைச் செருப்பு வெளிய கிடந்தாத்தான் வீட்டுல ஆள் இருக்குன்னு நினைப்பாக. இதை மட்டும் எடுத்துராத" என்றார். படித்தவள், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மாலையில் கூரியர்காரர் வந்தார். "சார் இல்லையா?" என்றார். எல்லோரும் கேட்பதுதான். அவர் பார்வை வெறும் வாசலுக்குப் போனதாக எனக்குத் தோன்றியது. கதவை அடைத்ததும் செருப்பைத் திரும்ப வெளியே வைத்தேன். அதற்குள்ளும் தேள் ஏறுமே என்று உள்ளே எடுத்தேன். இருட்டுவதற்குள் மறுபடி வெளியே. மகள் கேட்டாள், "அப்பா வர்றாங்களாம்மா?" நான் பேச்சை மாற்றினேன்.

கணவரிடம் போனில் சொல்லவில்லை. சொன்னால், "பயமா இருந்தா அம்மாகூட போய் இரு" என்பார். மாமியார் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ்ஸில் அரை மணி நேரம்கூட இல்லை. போனால் மகளின் பள்ளி மாறும், பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் டியூஷன் நிற்கும். இது நானாகப் பார்த்துப் பிடித்த வீடு. அதைவிட, தனியாக இருக்கத் தெரியவில்லை என்று ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்தார். படியேறி முடிக்கும் முன்பே வாசலைப் பார்த்துவிட்டார். அந்த நேரம் செருப்பு உள்ளே இருந்தது.

"எங்கட்டி அவன் செருப்பு?"

"தேள் வந்துச்சு அத்தை. அதான் எல்லாத்தையும் உள்ள வச்சேன்."

"தேளுமா? பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு எதுக்கு இந்தக் கஷ்டம்? துணிமணிய எடுத்துக்கிட்டு அங்கன வந்துருங்க. அவன்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

அவர் சொல்வது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுச் சொந்தக்காரரான கீழ்வீட்டு அக்கா துணி காயப்போட மாடிக்கு வந்தவர், வாளியோடு அப்படியே நின்று மாமியாரிடம் சொன்னார்.

"மதினி, அந்தச் செருப்ப யாரு நம்புனா? எடுத்துப் போட்ட எடத்தவிட்டு நகரலியே. மேல அம்புட்டுத் தூசி. பால்காரரே கேட்டாரு, இவுக வீட்டுச் சாரு பறந்துதான் போவாரான்னு."

மாமியாருக்கு முகம் சிறுத்துவிட்டது. "பெறவு ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா இந்தப் பிள்ள இன்னும் பயந்துக்கிடும். அவிய லீவு முடிஞ்சு போனது தெருவுக்கே தெரியும். எவன் வந்தாலும் எங்க வீட்டுத் திண்ணையத் தாண்டித்தான மேல ஏறணும், ஏறட்டும் பாப்போம்."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இத்தனை மாதமும் தெரு முழுக்கத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்தும் ஒன்றும் நடக்கவில்லை. இதில் எதைப் பிடித்துக்கொள்வது என்று புரியவில்லை.

மாமியார் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "சரி, நீ என்னதான் சொல்லுத?"

என்னை அப்படி அவர் கேட்டதே இல்லை. "இங்கயே இருக்கோம் அத்தை" என்றேன். யோசிக்கும் முன் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் ரேக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ராத்திரி படுக்கப் போறப்ப ஒரு போன் அடி. தெனமும் அடிக்கணும்" என்றார்.

சாயங்காலம் மகளோடு போய் அவரை பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக மறுபடியும், "மறந்துராத" என்றார். பஸ் கிளம்பியதும், கூடவே போயிருக்கலாமோ என்று தோன்றியது. மகள் பசிக்கிறது என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் வேகமாகவே, வீட்டைப் பார்த்து நடந்தேன்.