கறை போகும் எண்ணெய்

பயப்படுவதில் எனக்குத் தனித் திறமை உண்டு. மற்றவர்கள் ஆபத்து வந்த பிறகு பயப்படுவார்கள். நான் முதலில் பயந்து, அந்தப் பயத்தாலேயே ஆபத்தை வீடுவரை கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், திருப்பூர்ப் பக்கத்து வீரபாண்டியில் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் சில பவர் மெஷின்களைப் போட்டு, கம்பெனிகள் வெட்டித் தரும் துணியைத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பன்மையில் சொல்வது என் கௌரவத்துக்காக. தைத்தவர்கள் என் மனைவியும், தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஒரு டெய்லர் அக்காவும்தான். நான் போக்குவரத்து மந்திரி. என் இலாகாவில் இருந்தது ஒரு பழைய மொபெட்.

அது டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து குடித்தால்தான் ஓடும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கூடினால், எரியாத ஆயில் புகையாகவும் துளியாகவும் சைலன்சர் வழியே வெளியே வரும். லிட்டருக்கு எவ்வளவு என்று டேங்க் மூடியிலேயே போட்டிருந்தது. ஆனால் நடுரோட்டில் பிஸ்டன் பிடித்துவிடுமோ என்ற நினைப்பில், பங்க்கில் அளவு ஆயில் விழுந்த பிறகும் "இன்னொரு அமுக்கு அமுக்குங்க" என்பேன்.

"வண்டி ஓடோணுமா, இல்ல எண்ணெய் தேச்சுக் குளிக்கோணுமாங்க?" என்பார் பங்க்காரர். அமுக்கவும் செய்வார்.

அப்போது எங்களுக்குக் கிடைத்தது கைக்குழந்தைகளுக்கான வெள்ளைப் பனியன். ஏற்றுமதிச் சரக்கு. திருப்பூர் ராயபுரத்துக் கம்பெனியின் செக்கிங் மாஸ்டர் ஒருநாள் என் பண்டலைப் பிரித்தார். அடியிலிருந்த உருப்படிகளில் பழுப்புப் புள்ளிகள்.

"ஏனுங்க, நாங்க வெள்ளையாத்தானுங்களே குடுத்தோம்? நீங்க புள்ளி வெச்ச டிசைன்ல கொண்டாந்திருக்கறீங்க."

"வண்டிப் புகைங்க. பின்னால தெறிச்சிருச்சு."

"இன்னொருக்கா கறை இருந்துச்சுன்னா அடுத்த லாட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவேனுங்க. சங்கடப்படாதீங்க."

எங்கள் ஊரில் கழுத்தை அறுப்பதும் மரியாதையோடுதான்.

அந்த லாட் போனால் எனக்கு நஷ்டம் பெரிதில்லை, ஏற்கெனவே சும்மா இருப்பவன் இன்னும் கொஞ்சம் சும்மா இருப்பேன். என் மனைவி அப்படியில்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் கம்பெனியில் டெய்லராக இருந்தவள். பாத்ரூம் போவதற்கும் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்து நின்றவள். சொந்தக் கொட்டகையில் மெஷின் ஓடும்வரைதான் அந்த வாசலை மிதிக்காமல் இருக்க முடியும் என்பது அவளுக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும். அதனால்தான் மூளை அளவுக்கு மீறி வேலை செய்தது.

கொட்டகை மூலையில் ஒயிட் ஆயில் கேன் இருந்தது. தையல் மெஷினுக்கு விடுவது. தண்ணீர் மாதிரி இருக்கும், துணியில் பட்டால் துவைத்ததும் போய்விடும். பனியன் ஊரில் மெஷினுக்கு அதைத்தான் விடுவார்கள். சைலன்சர் துப்பத்தான் போகிறது, கறை போகிற எண்ணெயைத் துப்பட்டுமே என்று எனக்குத் தோன்றியது. டேங்க்கைக் காலி செய்தேன். புதுப் பெட்ரோலில் ஒயிட் ஆயிலை ஊற்றிக் குலுக்கினேன்.

டெய்லர் அக்கா எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, பெட்ரோல்ல மெஷின் எண்ணெயையா ஊத்துதிய?"

"ஒரு ஆராய்ச்சி, அக்கா."

"ஆராய்ச்சி பண்ணுத நாளா இது? மத்தியானம் கன்டெய்னர் கெளம்புதுன்னு மதினி சொல்லிட்டுப் போறாவ."

கிளம்பினேன். புகை அவ்வளவாக இல்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனேன். பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் மெலிந்து கீச்சென்று மாறியது. அடுத்து ஒரே உலுக்கல், வண்டி நின்றுவிட்டது. கிக்கரை மிதித்தால் சிமெண்ட் போட்டுப் பூசியதுபோல் அசையவில்லை. தண்ணீர் மாதிரி எண்ணெய் சூடு தாங்காமல், நான் பயந்தபடியே பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

உச்சிவெயில். வேறு யாராக இருந்தாலும் இன்ஜினைப் பார்த்திருப்பார்கள். நான் பண்டலைப் பிரித்துக் கறை இருக்கிறதா என்று பார்த்தேன்.

அந்த வழியே வந்த சரக்கு ஆட்டோக்காரர் நிறுத்தினார். "எங்கீங்க, ராயபுரமா? தூக்கிப் போடுங்க, நானும் அங்கதான் போறேன்."

ஆட்டோவின் தளத்தில் கிரீஸ் படிந்திருந்தது. என் பயம் உடனே கை காட்டியது. "வேண்டாங்க, நீங்க போங்க."

அவர் என்னையும் வண்டியையும் வெயிலையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வியர்வை சொட்டிவிடக்கூடாதே என்று பண்டலிடமிருந்து தள்ளியே நடந்தேன்.

செக்கிங் மாஸ்டர் ஒவ்வொரு பனியனையும் லைட்டுக்கு அடியில் விரித்தார். "ஒரு பொட்டுக் கறை இல்லீங்க. இத்தன சுத்தமா நீங்க குடுத்ததே இல்ல."

நெஞ்சு நிமிர்ந்தது.

"ஆனா கன்டெய்னர் இப்பத்தானுங்க போச்சு" என்றார்.

அடுத்த லாட்டைப் பற்றிக் கேட்டேன். "பாக்கலாங்க" என்றார். திருப்பூரில் இதற்கு 'இல்லை' என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது.

சாயங்காலம் கொட்டகைக்குள் பண்டலை இறக்கினேன். மனைவி கேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மெஷின் ஆயிலயா ஊத்துனீங்க?"

"தெறிச்சாலும் தொவைச்சாப் போயிரும்னுதான்..."

"இப்ப எதத் தொவைக்கறதுங்க?"

கேன் மூடியை இறுக்கித் திருகி, மூலையில் வைத்தாள்.

தைக்கத் துணி வராததால் டெய்லர் அக்கா வேறு யூனிட்டுக்குப் போனார். சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டு, வண்டி பிழைத்துக்கொண்டது. இப்போது பங்க்கில் அளவோடு ஆயில் போடச் சொல்கிறேன். புகையே இல்லை. அதில் காய்கறிப் பை தவிர எதையும் நான் கட்டுவதில்லை.

மிச்சமிருந்த ஒயிட் ஆயிலை என் மனைவி வாசல் கதவின் கீலுக்கு விட்டாள். முன்பெல்லாம் அந்தக் கதவு தெருவையே எழுப்பும். இப்போது விடிந்ததும் அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பிப் போவது, படுத்திருக்கும் எனக்குக் கேட்பதேயில்லை.