காப்பீட்டுக் கடிகாரமும் வராத வள்ளமும்

கனடாவுக்கு வந்த புதிதில், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் எல்லாருக்கும் ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். கட்டிக்கொண்டு தினமும் நடந்தால் மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டும் தொகை குறையுமாம். கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்துவிட்டால் மணிக்கட்டில் அதிரும். எழுந்து நட என்று அர்த்தம். எங்கள் ஊரில் இன்சூரன்ஸ்காரர் வீட்டுக்கு வந்தாலே சாவைப் பற்றித்தான் பேச்சு. இங்கோ முகம் தெரியாத ஒரு கம்பெனி, நான் சாகாமல் இருக்க என்னை விரட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, மலைப்பும் வந்தது.

பாறசாலையில் பஸ் ஏறினால் கடலில் போய் முடிகிற பொழியூர் எங்கள் ஊர். அண்ணன் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். வள்ளம் வரத் தாமதமானால் எங்கள் வீட்டுப் பெண்கள் உட்கார மாட்டார்கள். அது கரை தொடும்வரை மணலில் நடந்துகொண்டே இருப்பார்கள். சின்ன வயதில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்காக நானும் நடந்திருக்கிறேன். கால் வலிக்கிறது என்றால் அடி விழும்.

சென்ற நவம்பர் கடைசியில், எனக்கு விடுமுறையான ஒரு காலையில் மதினி போனில் கூப்பிட்டாள். அங்கே அந்தி. விடியுமுன் போன வள்ளம் இன்னும் வரவில்லை, காற்றும் மாறிவிட்டது என்றாள். அவள் குரலில் அழுகையே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. போனை வைக்காமல் நான் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடக்கத் தொடங்கினேன். வெளியே பனி கொட்டியது. போனில் அலையிரைச்சல் மட்டும் கேட்டது.

வெகுநேரம் கழித்துத்தான் அவள் வாய் திறந்தாள்.

“ஒனக்க அண்ணன் கரையில எறங்கியாச்சு. இனி நீ இரி, மக்கா.”

நான் நடந்துகொண்டிருப்பதை அவளிடம் சொல்லவே இல்லை. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அப்போது மணிக்கட்டு அதிர்ந்தது. அருமையான உடற்பயிற்சி, இந்த வார இலக்கை எட்டிவிட்டீர்கள், வாழ்த்துகள் என்று எழுதியிருந்தது. கீழே என் இதயத் துடிப்பு ஒரு கோடாக ஏறி, மதினி பேசிய நேரத்தில் சரிந்திருந்தது. இத்தனை தூரத்துக் கடலுக்கு என் நெஞ்சு பட்டபாட்டை அந்தச் சின்னக் கண்ணாடியில் பார்க்க மெய்சிலிர்த்தது.

மறுநாள் என்னோடு வேலை செய்யும் மார்லீன், அதிகம் நடந்தவர்களின் பட்டியலில் முதலில் நின்ற என் பெயரைப் பார்த்துவிட்டு, இந்தப் பனியில் எங்கே போய் ஓடினாய் என்று கேட்டாள்.

கடற்கரையில் என்றேன்.

இங்கிருந்து கடலைப் பார்க்க விமானம் ஏற வேண்டும். அவள் சிரித்துக்கொண்டே, அடுத்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போ என்றாள்.